பழைய மியாட்டாவுக்கு ஒரு குறுக்குக் கம்பி

நாலு நட்டைக் கழற்றி, கம்பியை வைத்து, அதே நாலு நட்டைத் திரும்ப முடுக்கினால் வேலை முடிந்தது. பானட்டுக்கு அடியில், முன் ஷாக் அப்சார்பர்களின் மேல்முனையைத் தாங்கும் இரண்டு டவர்களையும் குறுக்கே இணைக்கிற இந்தக் கம்பியை எனக்கு விற்றவர் சொன்னது இவ்வளவுதான். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எனக்கு மூன்று சனிக்கிழமைகள் ஆயின. அதில் கம்பியோடு மல்லுக்கட்டிய நேரம் பாதிகூட இருக்காது. மீதியெல்லாம் அந்த நாலு நட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்ததிலேயே போய்விட்டது.

கார் 1991-ஆம் வருட மாஸ்டா எம்எக்ஸ்-5, மியாட்டா என்பதும் இதே கார்தான். முதல் தலைமுறை, எழுந்து விழிக்கும் முன்விளக்குகள், 1.6 லிட்டர் எஞ்சின். 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் ஷோவில் மாஸ்டா அறிமுகப்படுத்திய அதே உருவம்: ஒரு டன்னைத் தொடாத எடை, பின்சக்கர ஓட்டம், நாலு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழும் பிடிக்கும் இரண்டு கவைக் கைகள்), தலைக்கு மேல் துணி. இரும்புக் கூரை இல்லாத கார் எதுவானாலும் கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். என்னுடையது முப்பது வருடம் தாண்டியது என்பதால் கொஞ்சம் அதிகமாகவே நடுங்கும். சாலை மோசமானால், உள்கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியின் நம்பர் பிளேட் எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரியும். இது போதாதென்று முன் இடப்பக்கத்திலிருந்து அவ்வப்போது 'டொக்' என்று ஒரு சத்தம். இரண்டையும் ஒரே கம்பியில் தீர்த்துவிடலாம் என்பது என் ஆசை.

வாங்கும்போதே ஒரு சந்தேகம் இருந்தது. அதை வசதியாக மறந்துவிட்டேன். இந்தக் கம்பிக்கு ஸ்ட்ரட் பார் என்று பேர் வந்ததே மக்ஃபர்சன் ஸ்ட்ரட் வைத்த கார்களால்தான். அந்த அமைப்பில் மேலே தனி விஷ்போன் கிடையாது. சக்கரத்தைத் தாங்கும் நக்கிளின் மேல்பக்கத்தைப் பிடித்திருப்பது ஷாக் அப்சார்பரேதான். வளைவில் சக்கரம் பக்கவாட்டில் தள்ளும்போது அந்த விசையில் ஒரு பங்கு நேராக டவரின் உச்சிக்குப் போகும். டவர் அசைந்தால் கேம்பரும், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணமும், அசையும். அங்கே இரண்டு டவரையும் சேர்த்துக் கட்டுவதில் அர்த்தம் உண்டு. எம்எக்ஸ்-5இல் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு விஷ்போன்கள் இருக்கின்றன. பக்கவாட்டு விசையை வாங்கி, அடியில் இருக்கும் சப்ஃப்ரேம் என்ற தனிச் சட்டத்துக்குக் கொடுத்துவிடுவது அவைதான். டவர் உச்சிக்கு வந்து சேர்வது ஸ்பிரிங்கும் ஷாக்கும் மேலே தள்ளும் தள்ளு மட்டும். ஷாக் கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்ந்து நிற்பதால் அதில் ஒரு சின்னப் பங்கு பக்கவாட்டிலும் போகும், அவ்வளவுதான்.

இதைக் கையால் உணர வேண்டுமானால் மூடி இல்லாத ஒரு செருப்புப் பெட்டி போதும். இரண்டு முனையையும் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பாருங்கள், துணி பிழிவது போல முறுகும். இப்போது ஒரு முனைக்குப் பக்கத்தில், இரண்டு நீளச் சுவர்களுக்கும் குறுக்கே ஒரு குச்சியை ஒட்டிவிட்டுத் திருகுங்கள். முறுக்கம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். குச்சி தடுப்பது அந்த இரண்டு சுவர்களும் ஒன்றையொன்று நெருங்குவதையும் விலகுவதையும் மட்டுமே. மூடியைப் போட்டு ஒட்டினால்தான் பெட்டி கட்டைபோல் நிற்கும். கூரையுள்ள காருக்குக் கூரைதான் மூடி. திறந்த காரில் அந்தப் பாரத்தைக் கதவுக்கு அடியில் ஓடும் பக்கச் சட்டங்களும் நடுவில் இருக்கும் சுரங்கமும் சுமக்கின்றன. முறுக்கமும் அங்கேதான், கதவு திறப்புகளைச் சுற்றித்தான் நடக்கிறது. பானட்டுக்கு அடியில் ஒரு கம்பியை வைத்து அதைப் பிடித்துவிட முடியாது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டே வாங்கினேன். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது புரியும்.

கம்பி பழையதுதான், வேறொரு மியாட்டாவிலிருந்து இறங்கியது. டவர் மேல் உட்கார இரண்டு எஃகுத் தட்டுகள், நடுவில் அலுமினியக் குழாய், குழாயின் ஒரு முனையில் வலமரை, இன்னொன்றில் இடமரை. குழாயைச் சுற்றினால் நீளம் கூடும், குறையும். இதில் எனக்குப் பிடித்தது, டவர் நட்டைத் தொடாமலேயே இரண்டு போல்ட்டைக் கழற்றிக் குழாயை மட்டும் தனியாக எடுத்துவிடலாம் என்பது. குழாய் எஞ்சினின் மேல்மூடியான கேம் கவருக்கு நேர்மேலே போவதால் இந்த வசதி இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை ஸ்பார்க் பிளக் மாற்றும்போதும் சஸ்பென்ஷன் நட்டில் கை வைக்க வேண்டியிருக்கும். ஒரே துண்டாக வெல்டிங் செய்த கம்பி இதைவிடக் கெட்டியானதுதான். ஆனால் பிளக் மாற்றுவது நானாயிற்றே.

முதல் சனிக்கிழமை

முந்தின நாள் ராத்திரியே நாலு ஸ்டட்டுகளையும், அதாவது நட்டு ஏறும் மரைத் தண்டுகளையும், கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தேன். இந்தக் காரில் முன்பக்கம் ஒரு டவருக்கு இரண்டு ஸ்டட்டுதான், 14 எண் ஸ்பேனர் பிடிக்கும் நட்டு. ஸ்டட் முறிந்தால் ஷாக்கை மொத்தமாக வெளியே எடுக்காமல் மாற்ற முடியாது. எண்ணெய்க்கு ஒரு ராத்திரி கொடுப்பதில் நஷ்டமில்லை.

ஆரம்பிக்கும் முன் இரண்டு விஷயம். இரண்டு ஸ்டட்டுக்கும் நடுவில் ஒரு பெரிய நட்டு தெரியும். அது ஷாக்கின் தண்டைப் பிடித்திருக்கும் நட்டு. அமுங்கிய ஸ்பிரிங்கை உள்ளே அடக்கி வைத்திருப்பது அதுதான், இந்த வேலையில் அதைத் தொடவே கூடாது. இன்னொன்று, கார் தரையில், தன் சக்கரத்தில் நிற்க வேண்டும். ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டு நட்டைக் கழற்றினால், தொங்கும் சக்கரத்தின் எடை ஷாக்கைக் கீழே இழுக்கும், ஸ்டட் துளையிலிருந்து நழுவிவிடும். தரையில் நின்றால் ஸ்பிரிங்கே மேல்மவுன்ட்டை டவரோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அப்படியும் நான் ஒரு பக்கம் முடித்த பிறகுதான் அடுத்த பக்கம் போனேன். மக்ஃபர்சன் கார் வைத்திருப்பவர்கள் கூடுதலாக இன்னொன்று செய்ய வேண்டும். சில கார்களில் மேல்மவுன்ட் துளைகள் நீளவாக்கில் இருக்கும், நட்டைத் தளர்த்தினால் கேம்பர் நகர்ந்துவிடும். கழற்றுவதற்கு முன் ஸ்டட்டைச் சுற்றி மார்க்கரில் கோடு போட்டு வையுங்கள். எம்எக்ஸ்-5இல் கேம்பரைத் திருத்துவது கீழ் விஷ்போனின் கேம் போல்ட்டுகளில் என்பதால் எனக்கு அந்தக் கவலை இல்லை.

வலப்பக்கம் இரண்டும் முனகிக்கொண்டு வந்தன. இடப்பக்கம் முன் நட்டும் அப்படியே. இடப்பக்கம் பின் நட்டில் ஸ்பேனரை வைத்துக் கையை ஊன்றினேன். எதிர்ப்பே இல்லை. ஸ்பேனரை எடுத்துவிட்டு விரலால் சுற்றினேன், சுற்றியது.

அந்த இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். எத்தனை மாதமாக இப்படி ஓடிக்கொண்டிருந்ததோ. நட்டுக்கு அடியில் பெயிண்ட் வட்டமாகத் தேய்ந்து, இரும்பு பளபளவென்று தெரிந்தது. சுற்றிலும் மெல்லிய செம்மண் நிறத்தில் துருத்தூள். எங்காவது இரண்டு உலோகம் உரசிக்கொண்டே இருந்தால் வருகிற பொடி அது. 'டொக்' எங்கிருந்து வருகிறது என்று ஒரு வருடமாக ஸ்டெபிலைசர் லிங்க்கையும் பால் ஜாயின்ட்டையும் ஆட்டி ஆட்டிப் பார்த்திருக்கிறேன். தலைக்கு மேல் இருந்த நட்டை ஒரு நாளும் தொட்டதில்லை.

ஒன்று தளர்ந்திருந்தால் மற்றதையும் பார்க்கத்தானே வேண்டும். கம்பியை ஓரமாகச் சாய்த்துவிட்டு, நட்டுகளைத் திரும்பப் போட்டு, ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தைக் கழற்றினேன். ஷாக்கின் தூசி உறையை விரலால் மேலே தூக்கியதும் உள்ளேயிருந்து மஞ்சள் நிறத்தில் கட்டி கட்டியாக ஏதோ உதிர்ந்து பிரேக் டிஸ்க் மேல் விழுந்தது. பம்ப் ஸ்டாப். பெரிய பள்ளத்தில் சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது உலோகம் உலோகத்தில் மோதாமல் தாங்கும் ஃபோம் கட்டை அது. நசுக்கினால் விரலில் மாவாகப் போனது. வலப்பக்கமும் அதே கதி. இந்தத் தலைமுறை மியாட்டாவில் இது சகஜம். ஷாக்குக்கு அமுங்க இருக்கும் இடமே குறைவு, அதனால் பம்ப் ஸ்டாப் அடிக்கடி அடி வாங்கும், வருடங்கள் ஆக ஆகப் பொடியாகும். இரண்டாம் தலைமுறையில் மாஸ்டா மேல்மவுன்ட்டையே மாற்றிக் கூடுதல் இடம் கொடுத்தது. அந்த மவுன்ட்டைப் பழைய காருக்கு எடுத்துப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு.

ஆக, முதல் சனிக்கிழமை கம்பி ஏறவே இல்லை. அந்த வாரம் ஷாக்குகளை இறக்கி, ஸ்பிரிங் அமுக்கியை வைத்துப் பிரித்து, புது பம்ப் ஸ்டாப்பும் மேல்மவுன்ட் ரப்பரும் போட்டேன். அது தனிக் கதை, இங்கே வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஸ்பிரிங் அமுக்கியின் இரண்டு கொக்கிகளையும் எதிரெதிராக, சமமாக முடுக்குங்கள், ஸ்பிரிங்கின் நேரே முகத்தை வைக்காதீர்கள். அந்த வேலையில் அவசரப்பட்டவர் கையைப் பார்த்திருக்கிறேன்.

தட்டு உட்கார மறுத்தது

இரண்டாவது சனிக்கிழமை மச்சினனும் வந்திருந்தான். வலப்பக்கத் தட்டு அழகாக ஸ்டட்டில் இறங்கி உட்கார்ந்தது. இடப்பக்கம் முன் ஸ்டட்டில் ஏறியது, பின் ஸ்டட்டில் ஏறவில்லை. துளையின் விளிம்பு ஸ்டட்டின் மரை மேல் முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தது.

"மாமா, சுத்தியலால ஒரு தட்டு தட்டினா போயிரும்."

"ஸ்டட்டு போயிரும்டா."

"அப்போ டிரில்லர் எடுத்துட்டு வரட்டா?"

அவன் சொன்னதில் தப்பில்லை, எனக்கும் கை அங்கேதான் போனது. ஆனால் ஒரு பொருள் உட்கார மறுக்கிறதென்றால் அது எதையோ சொல்கிறது, அதைக் கேட்காமல் துளையைப் பெரிதாக்குவது காதைப் பொத்திக்கொள்வது மாதிரி. மூன்று காரணங்கள் இருக்கலாம் என்று தோன்றியது. தட்டு வளைந்திருக்கலாம். தட்டு சரியாக இருந்து, அடியில் ஏதாவது தடுக்கலாம். அல்லது டவரே இடம் மாறியிருக்கலாம், அதாவது கார் எப்போதோ முட்டியிருக்கலாம்.

மூன்றாவதைத்தான் முதலில் பார்த்தேன், பயம் அதில்தானே. இரண்டு கூரான முனைகளை ஒரு நீளக் கம்பியில் நகரும்படி பிடித்து ஒரு அளவுகோல் செய்துகொண்டோம். டேப்பை விட இது நல்லது, டேப் தொய்யும், எஞ்சினைச் சுற்றி வளையும். இட டவரின் முன் ஸ்டட்டிலிருந்து வலப்பக்கப் பானட் கீலின் போல்ட்டுக்கு ஒரு மூலைவிட்டம், வல டவரின் முன் ஸ்டட்டிலிருந்து இடக் கீலுக்கு இன்னொன்று. முன்னால் ரேடியேட்டர் சட்டத்தில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் துளைகளை வைத்தும் அதே மாதிரி. ஜோடிகளுக்குள் அதிகபட்ச வித்தியாசம் 2 மில்லிமீட்டர். பாடி வேலை செய்கிறவர்கள் வழக்கமாக 3 மில்லிமீட்டர் வரை பொறுத்துக்கொள்வார்கள். மூச்சு வந்தது.

சந்தேகம் தீர, இடப்பக்கத்தை ஜாக்கியில் ஒரு மூலையாகத் தூக்கி டவர்களுக்கு இடையிலான தூரத்தைத் திரும்ப அளந்தேன். தரையில் நின்றபோது இருந்ததற்கும் இதற்கும் அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் தெரியவில்லை. அதே நேரம் இடக் கதவின் பின் இடைவெளியில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டால், தரையில் நுழைந்த தகடு தூக்கிய பிறகு நுழையவில்லை. செருப்புப் பெட்டி சொன்னதைக் காரும் சொன்னது: டவர்கள் அசையவில்லை, கதவு திறப்புதான் முறுகுகிறது. இதைப் பார்த்த அந்த நிமிடமே கம்பியைப் பெட்டியில் போட்டு மூடியிருக்கலாம். போடவில்லை.

அடுத்தது தட்டு. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பார்த்தோம், ஆடவில்லை, வளைவு இல்லை. சரி, அடியில்தான் ஏதோ இருக்கிறது. ஒரு மெல்லிய காகிதக் கீற்றைத் தட்டுக்கும் டவருக்கும் நடுவில் விட்டுச் சுற்றிலும் இழுத்துக்கொண்டே போனேன். உள்விளிம்பில் காகிதம் இறுகிப் பிடித்தது, வெளிவிளிம்பில் தாராளமாக ஓடியது. தட்டை எடுத்துவிட்டு டவர் உச்சியில் விரலை ஓட்டியபோது புரிந்தது. இரண்டு தகடுகள் சேரும் மடிப்பின் மேல் யாரோ பிரஷ்ஷால் சீலர் பூசியிருக்கிறார்கள். வலப்பக்கம் அது மெல்லிய கோடு, தொழிற்சாலையில் போட்டது. இடப்பக்கம் அதன் மேல் இன்னொரு பூச்சு, பிரஷ் முடியின் வரிகள்கூட அப்படியே உறைந்து, நெல்மணி உயரத்துக்கு ஒரு வரப்பு. முந்தைய உரிமையாளர்களில் ஒருவர் துருவை நிறுத்தப் பூசியிருக்க வேண்டும். தட்டின் ஓரம் அந்த வரப்பில் ஏறி நின்றதால்தான் சாய்ந்து, துளையும் நகர்ந்திருக்கிறது.

இதைக் கவனிக்காமல் நட்டை முடுக்கியிருந்தால் தட்டு இறங்கியிருக்கும். எஃகுத் தட்டு வளையாது, டவரின் தகடுதான் வளைந்து கொடுத்திருக்கும். கெட்டிப்படுத்த வந்த கம்பி டவரைக் கோணலாக்கிவிட்டு உட்கார்ந்திருக்கும்.

வரப்பைப் பிளாஸ்டிக் உளியால் செதுக்கி, தகடு வெளியே தெரிந்த இடத்தில் துரு தடுக்கும் பிரைமர் தொட்டு, காய்ந்த பிறகு மெல்லியதாகச் சீலர் பூசினேன். தட்டு இப்போது சமமாக உட்கார்ந்தது. துளையின் விலகல் 2 மில்லிமீட்டரிலிருந்து ஒன்றுக்குக் குறைந்தது. அந்த ஒன்று டவரிலேயே இருக்கிறது போல. அதற்கு மட்டும் தட்டின் துளையை அரத்தால் நீட்டினேன். தட்டில்தான், டவரில் இல்லை. டிரில் வேண்டாம் என்றதற்குக் காரணம், ஏற்கெனவே இருக்கும் துளையின் ஓரத்தில் டிரில் பிட் கடித்துத் தட்டையே சுழற்றிவிடும். வட்ட அரம் பத்து நிமிடம் எடுத்தது, துளை எங்கே எவ்வளவு போகிறது என்பது என் கையில் இருந்தது. துளை பெரிதானால் பிடிமானம் போய்விடாதா என்று மச்சினன் கேட்டான். இந்த மாதிரி இணைப்பில் விசையைத் தாங்குவது ஸ்டட்டின் பக்கச் சுவர் இல்லை, நட்டு அமுக்கும் அமுக்கில் தட்டுக்கும் டவருக்கும் இடையில் பிறக்கும் உராய்வு. கெட்டியான, அகலமான வாஷர் போட்டு ஒழுங்காக முடுக்கினால் ஒரு மில்லிமீட்டர் பொருட்டே இல்லை.

உராய்வு என்றதும் பெயிண்ட் ஞாபகம் வந்தது. தட்டின் இரண்டு பக்கமும் தடிப்பான பவுடர் கோட்டிங். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் நட்டு அமுக்கும் இடத்தில் அது மெல்ல மெல்ல நசுங்கி ஒதுங்கும். அது எவ்வளவு மெலிகிறதோ அவ்வளவு நட்டின் இறுக்கம் குறையும். தளர்ந்த நட்டை ஒரு முறை பார்த்தவனுக்கு இதை விட மனசு வரவில்லை. வாஷர் உட்காரும் வட்டத்தில் மட்டும் கோட்டிங்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, துத்தநாகப் பிரைமர் மெல்லிசாக ஒரு கை அடித்தேன். தட்டின் தடிப்பு சேர்ந்த பிறகும் நட்டுக்கு மேல் மூன்று மரை வெளியே தெரிந்தது. தெரியாவிட்டால் அந்தத் தட்டைப் போடவே கூடாது.

குழாயும் களிமண்ணும்

மூன்றாவது சனிக்கிழமை தட்டுகளை முடுக்கினோம். என் காரின் கையேடு சொல்வது சுமார் 30 முதல் 36 நியூட்டன் மீட்டர். நான் நடுவில் நிறுத்தினேன். உங்கள் காருக்கு அதன் கையேட்டைப் பாருங்கள். இது பெரிய எண் இல்லை. நீளமான ஸ்பேனரை வைத்து முழங்கையால் அழுத்துகிறவர்கள் இதை அசால்ட்டாக இரண்டு மடங்கு தாண்டிவிடுவார்கள்.

அப்புறம் குழாய். இரண்டு போல்ட்டும் கையாலேயே உள்ளே போகும்வரை நீளத்தைச் சரிசெய்தேன். விரலால் தள்ளினால் போக வேண்டும், திணிக்கக் கூடாது. போல்ட் போன பிறகு ஆட்டம் அடங்கும் அளவுக்குக் குழாயைச் சுற்றி, பூட்டு நட்டுகளை முடுக்கினேன். இடமரை நட்டின் மூலைகளில் சின்னதாக வெட்டு இருக்கும், அதைப் பார்க்காமல் வழக்கமான திசையில் திருப்பித்தான் முதலில் ஐந்து நிமிடம் வீணாக்கினேன். இதற்குப் பிறகு குழாயை இன்னும் அரைச் சுற்றுச் சுற்றி டவர்களை வெளியே தள்ளி வைக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர், இரண்டு முனையும் எதிரெதிர் மரை, ஆக ஒரு முழுச் சுற்றுக்கு 3, அரைச் சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் நீளும். ஜாக்கியில் தூக்கியபோதே அரை மில்லிமீட்டர் அசையாத டவர்களை 1.5 மில்லிமீட்டர் தள்ளி வைத்து என்ன சாதிக்கப் போகிறோம்? ஆட்டம் போனால் போதும் என்று விட்டுவிட்டேன்.

எஞ்சின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும். கேம் கவர் குழாயில் இடிக்கிறதா, குழாய் பானட்டில் இடிக்கிறதா என்று தெரிய வேண்டும். குழந்தைகள் விளையாடும் களிமண்ணைச் சின்னச் சின்னக் கோபுரங்களாகப் பிடித்துக் கேம் கவரின் மேல் மூன்றும் குழாயின் மேல் மூன்றும் நிறுத்தினேன். பானட்டை மூடி, ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து திறந்தால், கேம் கவர் மேல் இருந்த மூன்றும் சூட்டில் இளகிப் பச்சைக் குளமாகப் பரவிக் கிடந்தன. அதைத் துடைத்து எடுக்க அரை மணி நேரம். இரண்டாவது முறை எஞ்சின் ஆறிய பிறகு வைத்தோம். மச்சினன் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரில் கிளட்சைக் கொஞ்சமாக விட்டு எஞ்சினைத் திமிறவைத்தான், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். உடனே அணைத்துவிட்டோம். கேம் கவர் மேல் இருந்த கோபுரம் நசுங்கி 8 மில்லிமீட்டரில் நின்றிருந்தது. பானட் பக்கம் 11. பானட் அலுமினியம், உள்ளேயிருந்து இடித்தால் வெளியே கொப்புளமாகத் தெரியும், அதனால்தான் இந்தப் பாடு.

கண்ணைக் கட்டாத சோதனை

இனி முக்கியமான கேள்வி. நானே போட்டு நானே ஓட்டினால் எனக்கு நல்லதாகத்தான் தெரியும். அதனால் மச்சினனிடம் சொன்னேன்: பானட்டைத் திறந்து நீ என்ன வேண்டுமானாலும் செய், கம்பியை எடு அல்லது விடு, நாணயத்தைச் சுண்டி முடிவு செய். எடுக்காவிட்டாலும் எடுக்கிற அளவுக்கு நேரம் எடுத்துக்கொள், ஸ்பேனரை உருட்டிச் சத்தம் போடு. நான் திரும்பி நிற்கிறேன். பிறகு ஒரே சாலையில், ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு வந்து, இருக்கிறது அல்லது இல்லை என்று சொல்கிறேன்.

ஆறு முறை. அவன் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டான். முதல் முறை இறங்கியதும் "இருக்கு, ஸ்டீயரிங் எவ்வளவு துல்லியமா இருக்கு பாரு" என்று சொல்லிவிட்டேன். அவன் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆறும் முடிந்து தாளைக் கொடுத்தான். மூன்று சரி, மூன்று தப்பு. அந்த முதல் முறை கம்பி அவன் காலடியில் கிடந்திருக்கிறது.

"மாமா, சுண்டின காசுகூட இதே மார்க் வாங்கியிருக்கும்."

கண்ணாடியில் நம்பர் பிளேட்டு கம்பி இருந்தபோதும் இரண்டாகத்தான் தெரிந்தது, இல்லாதபோதும் அப்படியே. ஆனால் 'டொக்' ஆறு முறையும் இல்லை. பள்ளத்தில் இறங்கும்போது முன்பு 'டங்' என்று முதுகுவரை வந்த அடி இப்போது மெத்தென்று முடிகிறது. அதாவது, காரை மாற்றியது ஒரு தளர்ந்த நட்டும் இரண்டு ஃபோம் கட்டைகளும். கம்பியை முதல் நாளே பேசாமல் போட்டிருந்தால், நட்டை அப்போது எப்படியும் இறுக்கியிருப்பேன், சத்தமும் போயிருக்கும். பெருமை முழுக்கக் கம்பிக்குக் கொடுத்துவிட்டு, நாலு பேரிடம் வாங்கச் சொல்லியிருப்பேன். கம்பி போட்டதும் கார் மாறியே போச்சு என்று சொல்பவர்களில் எத்தனை பேர் அன்றைக்குத்தான் பல வருடம் கழித்து டவர் நட்டை ஒழுங்காக இறுக்கினார்களோ.

இது என் காருக்கு, நான் ஓட்டும் சாதாரணச் சாலைக்கு. கெட்டி ஸ்பிரிங்கும் ஒட்டிப் பிடிக்கும் டயரும் போட்டு டிராக்கில் ஓட்டுகிறவருக்கு டவர் உச்சிக்கு வரும் பாரமே வேறு. மக்ஃபர்சன் காருக்குக் கதையே வேறு. மாஸ்டாவே 1994 மாடலில் 1.8 லிட்டர் எஞ்சினோடு இந்தக் காருக்குக் கூடுதல் இறுக்கம் கொடுத்தபோது, சேர்த்தது சப்ஃப்ரேம்களுக்கு அடியில் கம்பிகளும், இருக்கைகளுக்குப் பின்னால் சீட் பெல்ட் தூண்களை இணைக்கும் குறுக்குச் சட்டமும். என் 1991இல் அவை எதுவும் கிடையாது. அடுத்து கை வைப்பதென்றால் அங்கேதான், அடியில். அந்தத் துளைகளில் என்ன துரு காத்திருக்கிறதோ.

கம்பியைக் கழற்றவில்லை. முழுதாகக் கழற்றினால் தட்டுகளையும் எடுக்க வேண்டும், தட்டுகளை எடுத்தால் திரும்ப அந்த நட்டுகள். மேலும், பானட்டைத் திறந்தால் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நாலு நட்டிலும் நட்டையும் வாஷரையும் தட்டையும் சேர்த்து வெள்ளை மார்க்கரில் ஒரு கோடு இழுத்து வைத்தேன். 150 கிலோமீட்டர் ஓடிய பிறகு இறுக்கத்தை அளக்கும் டார்க் ரென்ச்சை வைத்துப் பார்த்ததில் மூன்று அசையவில்லை. இடப்பக்கம் பின் நட்டு மட்டும் 'கிளிக்' சொல்வதற்கு முன் கொஞ்சம் நகர்ந்தது, கோடு ஒரு தீக்குச்சி அகலத்துக்கு விலகியது. பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதிதாக இழுத்திருக்கிறேன். அடுத்த 150இல் திரும்பப் பார்க்க வேண்டும்.